மெல்லச் சொன்னேன்

நீங்கள் டீயை இடது பக்கமாகவே ஒதுக்கிக் குடிக்கிறீர்கள். வலது கடைவாயில் ஏதோ இருக்கிறது. சொத்தையாக இருக்கலாம், அல்லது பல்லில் வைத்த பழைய அடைப்பு விரிசல் விட்டிருக்கலாம். தப்பாக நினைக்காதீர்கள், தொழில் புத்தி. எதிரில் ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். நான் வாய் எப்போது திறக்கும் என்று பார்ப்பேன்.

என்னைப் பற்றி வெளியே விசாரித்திருப்பீர்கள். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள்: பல் டாக்டருக்குக் கை லேசு, ஊசி போட்டதே தெரியாது. என் மாமனார் ஒருபடி மேலே போவார். "ஊசி போட்டதும் தெரியாது, மாப்பிள்ளை ரூமுக்குள்ள இருக்கறதும் தெரியாது." அது பாராட்டுதான் என்று என் மனைவி சொன்னாள். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். எதையும் அப்படியே எடுத்துக்கொள்வது என் சுபாவம்.

ரேடியோ விஷயத்துக்கு வருகிறேன். ரேடியோ என் மனைவியின் தம்பி. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு, அதை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஆன் செய்தால் அணைக்க முடியாது என்பதால் சின்ன வயதிலேயே ரேடியோ ஆகிவிட்டான். தொழில் மிமிக்ரி. ரயில், மிக்சி, ஓசியில் போன் பேசுகிற மேனேஜர், கடன் கேட்க வந்து கடைசிவரை கேட்காமல் போகிற சொந்தக்காரர், எல்லாமே அவன் வாய்க்குள் வாடகை இல்லாமல் குடியிருந்தன. சொந்தக் குரல் என்று அவனுக்கு ஒன்று இருந்ததா என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

அவன் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

மாமனார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதற்கு அடுக்குமாடியின் பொது ஹாலில் ஒரு சின்ன விருந்து. சாப்பிட்டு முடித்து எல்லோரும் நாற்காலியில் சரிந்திருந்தார்கள். என் மனைவியின் சித்திதான் ஆரம்பித்தாள்.

"டேய் ரேடியோ, ஊர்ல இருக்கற எல்லாரையும் செய்யறியே, உங்க மாமாவைச் செஞ்சு காட்டுடா பாப்போம்."

"மாமாவையா? போங்க சித்தி. ஃபேன் ஓடாத ரூமை எப்படி மிமிக்ரி பண்றது?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பல்லைக் காட்டுவது எனக்குத் தொழில் தர்மம். அவன் அதோடு விட்டிருக்கலாம். ஒரு ஸ்பூனை எடுத்தான். சித்தியின் முகத்தருகே குனிந்தான். தோளைக் கொஞ்சம் குறுக்கிக்கொண்டு, அந்தம்மாள் காதோடு கேட்டான்.

"மரத்துப்போச்சா?"

என் முன்பற்களுக்கு நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. அடுத்தவர் வாயை ஒழுங்கு செய்ததில் என் வாய்க்கு நேரம் கிடைக்கவில்லை. 'ச்சா' என்று சொல்லும்போது அதன் வழியாக மெல்லிய விசில் ஒன்று வரும். எனக்கே அதுவரை தெரியாது. ரேடியோ அந்த விசிலைப் பிடித்துவிட்டான். ஹாலே அதிர்ந்தது. மாமனாருக்குப் புரையேறியது. என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரிப்பின் நடுவே மூக்கிலிருந்து 'க்ர்ர்க்' என்று ஒரு சத்தம் வந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு சத்தம் அவளிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. வீட்டிலேயே ஒரு அறையை நான் திறந்து பார்க்காமல் விட்ட மாதிரி இருந்தது.

வீட்டுக்குப் போனதும் நானும் ஒரு ஜோக் சொல்லிப் பார்த்தேன். வார இதழ் ஒன்றில் படித்த நல்ல ஜோக்தான்.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?" என்றாள்.

அந்த மிமிக்ரியை யாரோ போனில் பிடித்து வெளியே விட்டார்கள். என் நாற்காலியில் படுக்கிறவர்கள் வாயைத் திறந்துகொண்டே சிரிக்கப் பார்த்தார்கள். கூரான கருவிகள் உள்ளே இருக்கும்போது சிரிப்பது அவர்களுக்குத்தான் ஆபத்து. ஒரு சிறுமி, "அங்கிள், அந்த விசில் ஒரு தடவை" என்றாள். நான் கேள்வியை மாற்றினேன். "உணர்ச்சி இருக்கிறதா?" என்று கேட்க ஆரம்பித்தேன். அதற்கு அதைவிட மோசமாகச் சிரித்தார்கள்.

இதற்கெல்லாம் நான் எதுவும் செய்யவில்லை. யாராயிருந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள்.

அப்புறம் ரேடியோ டிவி போட்டி ஒன்றில் கடைசிச் சுற்றுக்குத் தேர்வானான். ஒத்திகைக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான், அக்காதான் அவனுக்கு முதல் ரசிகை. ஒரு மாலை கிளினிக்கிலிருந்து சீக்கிரம் திரும்பினேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே கூடத்தில் நான் பேசுவது கேட்டது. நான் வாசலில் ஒற்றைச் செருப்போடு நிற்கிறேன், உள்ளே நான் பேசிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் அப்படி நின்றிருக்க மாட்டீர்கள். சிரிப்பாகத்தான் இருக்கும்.

புது ஐட்டம். பல் டாக்டரின் முதலிரவு.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவள் கை மேல் தலை வைத்தபடி தூங்கிவிட்டேன். விழித்தபோது, என் தூக்கம் கலையக் கூடாதென்று கையை இழுக்காமல் அப்படியே படுத்திருந்தாள். "மரத்துப்போச்சா?" என்று கேட்டேன். காதல் என்று என் வாயிலிருந்து வந்தது வாழ்நாளில் அந்த ஒரு வார்த்தைதான். அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். நான் யாரிடமும் சொல்லவில்லை.

உள்ளே ரேடியோ, தலையணையை வைத்துக்கொண்டு, விசிலோடு அதைக் கேட்டான். 'க்ர்ர்க்' என்றது என் மனைவியின் மூக்கு.

"ஐயோ போதும்டா, வயிறு வலிக்குது."

"அக்கா, இதை ஃபைனல்ல விட்டா கப்பு நம்ம வீட்டுலதான். ஆனா மாமா கோவிச்சுக்குவாரோ?"

"உங்க மாமாவா? அவருக்கு எதுவுமே உறைக்காதுடா."

மற்றச் செருப்பையும் கழற்றிவிட்டு உள்ளே போய், டீ இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது.

இப்போது மருந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், உங்களுக்குத் தேவைப்படும். மரப்பு ஊசி மருந்து ஒரு விருந்தாளி மாதிரி. தனியாக விட்டால் அதிக நேரம் தங்காது. ரத்தம் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போய்விடும். உள்ளே போன சுருக்கில் உணர்ச்சி திரும்பிவிடும். அதனால் மருந்தோடு இன்னொன்றையும் துளியளவு சேர்ப்பார்கள். அட்ரினலின். அது அங்கிருக்கும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், அதாவது வாசல் கதவைச் சாத்திவிடும். விருந்தாளி வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே உட்கார்ந்திருப்பார். மரப்பு நீளும், ரத்தக்கசிவும் குறையும். ரொம்ப நல்ல ஏற்பாடு, உலகம் முழுக்க இதுதான் நடக்கிறது. அட்ரினலின் என்பது வெளியிலிருந்து வந்த சரக்கும் இல்லை. நாய் துரத்தும்போது நம் உடம்பே சுரக்கிறதுதான். சுருக்கமாகச் சொன்னால், பயத்தைக் குப்பியில் அடைத்து வைத்திருக்கிறோம். மரத்துப்போனது மரத்துப்போனபடியே இருக்க வேண்டுமென்றால் கூடவே கொஞ்சம் பயத்தைச் சேர்க்க வேண்டும். பல குடும்பங்கள் இந்த முறையில்தான் நடக்கின்றன.

இரண்டு வகைக் குப்பியும் என்னிடம் உண்டு. சேர்மானம் உள்ளதற்குக் கழுத்தில் சிவப்புப் பட்டை இருக்கும். சேர்மானம் இல்லாதது வெறும் கண்ணாடி.

போட்டியன்று மத்தியானம் ரேடியோ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். கீழ்க் கடைவாய்ப் பல்லில் வைத்திருந்த அடைப்பு விழுந்துவிட்டது. நான் எதையும் திட்டமிட்டுக் காத்திருக்கவில்லை என்பதற்கு இதுவே சாட்சி. அவன் பல்லின் அடைப்பு தானாகத்தான் விழுந்திருக்கிறது.

"மாமா, சாயங்காலம் மேடை. வலி உயிர் போகுது. ஆனா நாக்கு எனக்கு வேணும். நாக்கு இல்லாம நான் வெறும் மூஞ்சிதான்."

"சின்ன ஊசிதான். மேடைக்குப் போறதுக்குள்ள சரியாயிடும்."

"சத்தியமா?"

"நான் எப்படா பொய் சொல்லியிருக்கேன்?"

"அதான் மாமா உங்ககிட்ட கஷ்டம். பொய் சொல்லியிருந்தா அதையாவது மிமிக்ரி பண்ணியிருப்பேன்."

சிவப்புப் பட்டைக் குப்பியை எடுத்தேன். அதிலும் இருப்பதிலேயே நீண்ட நேரம் நிற்கிற மருந்து. மறுபக்கமும் ஒரு பல் ஆட்டம் கொடுக்கிறது, கையோடு பார்த்துவிடலாம் என்றேன். அந்தப் பல் பாறை மாதிரி இருந்தது. பொதுவாக ஒரே நேரத்தில் கீழே இரண்டு பக்கமும் மரக்க வைக்க மாட்டோம். நாக்கு முழுதாகக் கையை விட்டுப் போய்விடும். சிவப்புப் பட்டை அந்தப் பக்கமும் போனது. என் கை லேசு என்று சொன்னேனே, ரேடியோ இமைகூட அசைக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து வழக்கமான கேள்வியைக் கேட்டேன். விசில் வந்தது. ரேடியோ என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். அவன் உதடு பதில் சொல்லப் போய் வழியில் தங்கிவிட்டது.

"மாமா, நாக்கு எங்க?"

"வாய்க்குள்ளதான் இருக்கு."

"கூப்ட்டா வரல மாமா."

"வரும். கொஞ்சம் விட்டுப் பிடி."

வழக்கமாக ஒவ்வொருவருக்கும் நான் சொல்லி அனுப்பும் ஒரு வாக்கியம் உண்டு. உணர்ச்சி வரும்வரை எதையும் சாப்பிடாதீர்கள், கடித்துவிடுவீர்கள், கடித்தது தெரியாது. கிளி மாதிரி சொல்லிச் சொல்லி என் வாய்க்கே அது மனப்பாடம். அன்று அது வரவில்லை. ஒரு மனிதன் ஒருநாள் ஒரு வாக்கியத்தை மறப்பது குற்றமென்றால் உங்கள் சிறையில் இடம் போதாது.

மாலை முன்வரிசையில் என் மனைவி, பக்கத்தில் நான். ரேடியோ மேடைக்கு வந்தான். பின்னால் பல் டாக்டர் நாற்காலி, வெள்ளைக் கோட்டு, எல்லாம் அமர்க்களமாக இருந்தது. மைக்கை எடுத்து வணக்கம் சொன்னான். வணக்கம் வரவில்லை. வேறு ஏதோ ஒன்று, கன்றுக்குட்டி இருமுகிற மாதிரி வந்தது. அரங்கம் சிரித்தது. பல் டாக்டரிடம் போய் வந்தவனின் பேச்சு என்று நினைத்துக்கொண்டார்கள். ரேடியோ தொழில்காரன், ஒரு நொடியில் புரிந்துகொண்டு அதையே ஐட்டமாக மாற்றினான். நாக்கைத் தேடுகிறவன் மாதிரி பைக்குள் கைவிட்டான், நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தான். இடையிடையே வாயை அசைபோட்டுக்கொண்டே இருந்தான். உண்மையிலேயே நன்றாக இருந்தது. என் மனைவி என் தோளில் அடித்து அடித்துச் சிரித்தாள். ரொம்ப நாளாயிற்று அவள் என்னைத் தொட்டு.

முகவாயில் சிவப்பாக ஒரு கோடு இறங்கியபோதும் சிரித்தார்கள். வெள்ளைக் கோட்டில் சொட்டியபோது நடுவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ரேடியோவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான், அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. கைதட்டுக்குக் குனிந்து வணங்கியபோது தரையில் விழுந்ததைப் பார்த்தான். அது என்ன என்று குனிந்து பார்க்கிற அந்த முகபாவம், அதையும் நடிப்பு என்றே முன்வரிசையில் யாரோ சொன்னார்கள்.

'க்ர்ர்க்' என்ற சத்தம் பாதியில் நின்றது. என் மனைவி எழுந்துவிட்டாள்.

அந்த அரங்கத்தில் தொடக்கத்திலிருந்து சிரிக்காத ஒரே ஆள் நான். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். முதலில் மேடையில் ஏறியதும் நான்தான். ஐஸ் கேட்டேன், துணியை அழுத்திப் பிடித்தேன், ஆம்புலன்சில் கூடவே போனேன். ஆஸ்பத்திரியில் தையல் போட்ட சர்ஜன், இவ்வளவு சேதத்துக்கு ரத்தம் குறைவாகத்தான் போயிருக்கிறது என்றார். அது சிவப்புப் பட்டையின் வேலை. அதையும் என் பெயரில் சேர்த்துக்கொண்டால் நியாயமாக இருக்கும். நாக்கின் முன்பகுதியை மட்டும் திரும்ப ஒட்ட முடியவில்லை.

சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மாமனார் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் அறைக்குள் இருப்பது முதல்முறையாக அவருக்குத் தெரிந்தது.

ரேடியோ என்மேல் புகார் சொல்லியிருக்க மாட்டான். அவனால் சொல்லவும் முடியாது, சொல்லவும் மாட்டான். பதற்றத்தில் தானே அளவுக்கு மீறி வாயை அசைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறான். நான் உள்ளே போனால் இன்னமும் எழுந்து உட்காரப் பார்க்கிறான்.

என் கிளினிக் சிஸ்டரும் எனக்காகத்தான் பேசினார் என்று சற்றுமுன் சொன்னீர்கள். ஊசி போட்டபின் டாக்டர் நோயாளியிடம் எப்படி நடந்துகொண்டார் என்று கேட்டீர்களாம். "டாக்டர் அவர்கிட்ட மெல்லச் சொன்னாரு சார், திரும்பத் திரும்ப மெல்லச் சொன்னாரு" என்றாராம். டாக்டர் பொறுமையானவர், அதட்டிப் பேசாதவர் என்று நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். என் மனைவி கொடுத்த புகார் துக்கத்தில் கொடுத்தது, இத்தோடு முடித்துக்கொள்ளலாம், வீட்டுக்குப் போங்கள் என்று டீயும் வாங்கிக் கொடுத்தீர்கள். டீ நன்றாகவே இருந்தது.

போயிருக்கலாம். ஆனால் நான் தமிழ் மீடியத்தில் படித்தவன். பிழையைப் பார்த்துவிட்டுச் சும்மா எழுந்து போக மனம் வரவில்லை.

சிஸ்டர் சொன்னது 'மெதுவாக' இல்லை. 'மெல்லும்படி.' அவன் கையில் சூயிங்கம் கொடுத்தது நான்தான். பாக்கெட்டோடு கொடுத்தேன். "மெல்லு. ரெண்டு பக்கமும் மெல்லு. மெல்ல மெல்ல ரத்தம் ஓடும், மரத்தது சீக்கிரம் போயிடும். மேடை ஏறற வரைக்கும் நிறுத்தாத" என்றேன். சிஸ்டர் கருவிகளைக் கழுவிக்கொண்டே என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். டாக்டர் சொன்னால் காரணம் இருக்கும் என்று மறுபடி குனிந்துகொண்டார். காரணம் இருந்தது.

ஒரு மாலை மட்டும் அவன் வாய் மூடியிருந்தால் போதும் என்றிருந்தால் ஊசியோடு நின்றிருப்பேன். சிவப்புப் பட்டை கதவைத்தான் சாத்தும். நேரம் ஆனால் கதவு திறந்துகொள்ளும், அடுத்த வாரம் அதே ஐட்டத்தை வேறு மேடையில் செய்வான். எனக்கு மெல்லச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அவன் வலியில்லாமல் மென்றான். வலி தெரியாமல் வேலையை முடிப்பவன் என்ற பெயரை நான் இதிலும் கெடுத்துக்கொள்ளவில்லை.

இதை என் மனைவி எப்படிக் கண்டுபிடித்தாள் என்றுதானே யோசிக்கிறீர்கள். கண்டுபிடிக்கவில்லை. நான்தான் காட்டினேன்.

அவன் ஆஸ்பத்திரியில் இருந்து வந்தபின் எங்கள் வீட்டில்தான் படுத்திருக்கிறான். அவள் நாள் முழுக்கச் சமையலறையில் நின்று அவனுக்கு எல்லாவற்றையும் மசித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் சத்தமே இல்லை. ஃபேன் ஓடாத ரூம் என்பது என்னவென்று எனக்கே அப்போதுதான் புரிந்தது. பாவமாக இருந்தது. கொஞ்சம் சிரிக்க வைக்கலாமென்று நினைத்தேன். கிளினிக் பாத்ரூம் கண்ணாடிக்கு முன்னால் பல நாள் பழகியிருந்தேன். நாக்கைக் கீழே அழுத்தி, உதட்டை ஒரு பக்கம் தொங்கவிட்டு, மூச்சைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால் ரேடியோ வந்துவிடுகிறான். அன்று நாற்காலியில் படுத்திருந்த ரேடியோ, அப்படியே.

சமையலறை வாசலில் நின்று செய்து காட்டினேன். "மாமா, இங்ஙும் மெல்லணுமா? தாடை வழிக்குது மாமா."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவன் எப்ப இதைச் சொன்னான்?"

நான் உதட்டை இன்னும் கொஞ்சம் தொங்கவிட்டேன்.

"யாரு மெல்லச் சொன்னது?"

நடுவில் குரலை விட்டால் ஐட்டம் கெட்டுவிடும், ரேடியோவே அடிக்கடி சொல்வான். அதனால் அவன் குரலிலேயே சொன்னேன்.

"மாமாதாங்க்கா."

அடுப்பை அணைத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல், நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறாள்.

அவ்வளவுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன். எனக்குப் பொறாமை என்று மட்டும் எழுத வேண்டாம், அது உண்மையில்லை. அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், கதவு இடுக்கில் தெரிகிறது. என்னிடம் பேச மாட்டாள், நீங்கள் கேட்டால் சொல்வாள். வேறொன்றும் கேட்க வேண்டாம். அன்று சமையலறையில் நான் செய்தது ரேடியோ மாதிரியே இருந்ததா, கொஞ்சமாவது சிரிப்பு வந்ததா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.